கண்ணாடிக்குள் ஓர் ஆறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வண்ண மீன் விற்கும் கடைகளில் நாம் காணும் தொட்டிகளை ஒரு கணம் நினைவுக்குக் கொண்டு வருவோம். அடியில் நீல நிறக் கூழாங்கற்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் செடி. நடுவே வாயைத் திறந்து மூடும் பொம்மை முதலை. அதே நீரில் சீனத்துத் தங்கமீனும், அமேசான் ஆற்றுப் பகுதியின் நியான் மீனும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனும் ஒன்றாக நீந்திக்கொண்டிருக்கும். மூன்று கண்டங்களின் குடிமக்களை ஒரே அறையில் அடைத்துவிட்டு, அவர்கள் நலமாக வாழ்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். சில நாட்களில் ஒன்றிரண்டு மீன்கள் மிதந்தால், "மீன் வளர்க்கும் ராசி நமக்கு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். இது ராசியைப் பற்றிய செய்தி அன்று. வேதியியலைப் பற்றிய செய்தியே ஆகும்.

ஒரு மீன் எந்த ஆற்றில், எந்த நீரில், எத்தகைய தரையின் மேல் வாழ்கிறதோ அந்தச் சூழலையே சிறிய அளவில் தொட்டிக்குள் அமைக்கும் முறை ஒன்று உண்டு. அதனை இயற்கை வாழிடத் தொட்டி எனலாம். அதனை எவ்வாறு அமைப்பது என்பதையும், நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதனைச் செய்ய முற்படும்போது எழும் ஒரு கேள்வியையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொட்டியின் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் மீனை நெடுநாள் உயிருடன் வைத்திருக்கலாம் என்பதை அறிவியல் முறையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். 1850-ஆம் ஆண்டில், இரண்டு தங்கமீன்கள், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து அவர் ஆராய்ந்தார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது. செடி வெளிவிடும் உயிர்வளியை மீன் ஏற்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. ஒன்றன் கழிவு மற்றொன்றின் உணவு. புனலைக் கவிழ்த்து அதற்குள் ஹைட்ரில்லாச் செடியை வைத்துக் குமிழிகளை எண்ணும் பள்ளிச் சோதனையை நாம் யாவரும் செய்திருக்கிறோம். வாரிங்டனின் தொட்டி அதன் விரிவே ஆகும். 1853-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. இன்று சென்னை கொளத்தூர், நாடறிந்த வண்ண மீன் சந்தையாக விளங்குகிறது.

ஆற்றை ஆறாக்குவது எது?

ஓர் ஆற்றுக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. நீரின் தன்மை, நீரின் ஓட்டம், தரை, அங்கு வாழும் துணை உயிர்கள் ஆகியவையே அவை.

முதலாவதாக நீரின் தன்மை. அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவின் நீர் தேநீரைப் போல் கருமை கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் அமில-காரக் குறியீடு 4 முதல் 5 வரைதான். கரைந்த உப்புகள் மிகக் குறைவு. மலாவி ஏரியின் நீரோ காரத்தன்மை உடையது. குறியீடு ஏறத்தாழ 8. இக்குறியீட்டில் ஒரு எண் வேறுபட்டால் அமிலத்தன்மை பத்து மடங்கு வேறுபடும். மூன்று எண்கள் வேறுபட்டால் ஆயிரம் மடங்கு. அந்த ஆற்று மீனையும் இந்த ஏரி மீனையும் ஒரே தொட்டியில் விடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது இப்போது விளங்கும்.

ரியோ நீக்ரோவின் நிறத்துக்குக் காரணம் காட்டில் உதிரும் இலைகளிலிருந்து ஊறி இறங்கும் டானின் முதலிய பொருள்கள். டானின் என்றதும் நம் ஊராருக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்து தோலைப் பதப்படுத்துவது இதே டானின்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய முறையில் தோல் பதனிடும் முயற்சிகளைத் தொடங்கும் வரை, நம் பகுதித் தோல் முழுவதும் பட்டையிலும் காயிலும் பதப்பட்டதே. இன்று உலகெங்கும் மீன் வளர்ப்போர் தொட்டியில் இடுவதற்கு விலை கொடுத்து வாங்கும் இலை நாட்டு வாதுமை இலை. நம் தெருக்களில் பாதாம் மரம் என்று குடை விரித்து நிற்கிறதே, அதன் காய்ந்த இலைதான். அந்த வாதுமையும், கடுக்காயும், ஆற்றங்கரைகளில் வளரும் நீர்மருதும் டெர்மினாலியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவினர்கள்.

இரண்டாவது ஓட்டம். ஓடும் நீரில் உயிர்வளி நிரம்பக் கரைந்திருக்கும். 20 பாகை சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் ஊர்க் கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

மூன்றாவது தரை. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் முதல் நத்தை வரை உள்ள துணை உயிர்கள். இவ்விரண்டையும் தொட்டி அமைக்கும் முறையைக் கூறும்போது பார்க்கலாம்.

நம் ஆறுகள்

அமேசானுக்குச் செல்வானேன்? நம் மாவட்டத்திலேயே இரண்டு ஆறுகள் உண்டு. பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, புல்லூர் அருகே தமிழகத்துள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. திருப்பத்தூர் நகரப் பக்கத்து நீரோ பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையைச் சேர்கிறது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் பிறக்கும் ஓடைகள் மழைக்காலத்தில் இவ்வாறுகளுக்கும் நம் ஏரிகளுக்கும் நீர் தருகின்றன.

இவை ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் அல்ல. சில வாரங்கள் வெள்ளம், பின்னர் மடுக்கள், அதன் பின்னர் மணல். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளமும், 2021 நவம்பரில் கரை புரண்ட வெள்ளமும் பாலாற்றின் ஒரு முகம்; ஆண்டுக் கணக்கில் காயும் மணல் வெளி அதன் மற்றொரு முகம். ஆகவே, இங்கு வாழும் மீன்களும் அதற்கேற்ற வலிமை பெற்றவை. பொடிக் கெண்டைகள், பக்கவாட்டில் கருங்கோடு ஓடும் ராஸ்போரா, குறவை, கெளுத்தி, அயிரை என்று பட்டியல் நீளும்.

இவற்றுள் அயிரையை மட்டும் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். மதுரைப் பக்கத்தில் குழம்புக்குப் பேர்போன அந்தச் சிறு மீனின் அறிவியற் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். 'தெர்மாலிஸ்' என்றால் வெப்பத்துக்குரியது என்று பொருள். 1846-இல் பிரெஞ்சு அறிஞர் வாலன்சியன் இதனை விவரித்தபோது, இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியில் கிடைத்த மீனைக் கொண்டே பெயரிட்டார். அயிரை மணலுக்குள் புதைந்து கண்களை மட்டும் வெளியே வைத்திருக்கும். நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவும் சுவாசிக்கும். வற்றும் ஆற்றில் வாழ்வதற்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

அமைக்கும் முறை

நான் அமைத்திருப்பது இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி. நீரும் மணலும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து அதன் எடை 60 கிலோவுக்கு மேல் வரும். எனவே சாதாரண மேசை தாங்காது. கற்பலகையின் மேல் வைப்பது நன்று.

தரைக்கு 4 சென்டிமீட்டர் உயரம் மணல் பரப்ப வேண்டும். இதற்கு ஏறத்தாழ 11 கிலோ மணல் போதும். இதற்காக யாரும் ஆற்றில் இறங்கி மணல் அள்ள வேண்டியதில்லை. பழைய வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்றுமணல் கிடைத்தால் அதுவே போதும். இப்போது எங்கும் பயன்படும் எம்-சாண்ட் இதற்கு உதவாது. அது பாறையை உடைத்துச் செய்வதாதலால் அதன் துகள்களுக்குக் கூர்மையான முனைகள் உண்டு. புதையும் மீனின் மெல்லிய தோலையும் மீசைகளையும் அவை கீறும். ஆற்றுமணலை நீர் பல்லாயிரம் ஆண்டுகள் உருட்டி மழுக்கியிருக்கிறது. அந்த வேலையை எந்த இயந்திரமும் மீனுக்காகச் செய்து தருவதில்லை.

கற்கள் நம் ஊர்க் கருங்கல்லாக இருக்கட்டும். கல்லின் மேல் ஒரு துளி அமிலம் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், நீரைக் கடினமாக்கிவிடும். காய்ந்த வாதுமை இலைகள் இரண்டைப் போடலாம். புங்கன், எருக்கு, கள்ளி ஆகியவற்றின் எப்பகுதியும் தொட்டியின் அருகில் வரக்கூடாது. மீனை மயக்கிப் பிடிக்க நம் முன்னோர் பயன்படுத்திய நஞ்சுகள் இத்தகைய செடிகளிலிருந்தே வந்தன.

நீர் நிரப்பியவுடன் மீனை விடுவது கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அவ்வளவு தீங்கற்றது. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை சிறிதளவு மீன் உணவை மட்டும் நீரில் அழுகவிட்டு அவற்றுக்கு இரை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நம் ஊர் நீர் காரத்தன்மை உடையதாகையால் இங்கு அம்மோனியாவின் நஞ்சு மேலும் கடுமையாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டத்துக்கு, மணிக்கு 350 முதல் 400 லிட்டர் நீரைச் சுழற்றும் சிறிய மோட்டார் ஒன்றை ஒரு மூலையில் வைத்தால் போதும். தொட்டி நீர் மணிக்கு ஏறத்தாழ பத்து முறை சுழலும். கல்லுக்கு முன்னே ஓட்டமும், பின்னே அமைதியும் ஏற்படும். ஓட்டத்தில் கெண்டைகளும், அமைதியில் அயிரைகளும் தாமே இடம் பிரித்துக்கொள்வதை அரை நாளில் காணலாம். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து குளோரின் நீங்கிய பின் ஊற்ற வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். ஆற்றுக்கு வெள்ளம் எதுவோ, தொட்டிக்கு இந்த நீர் மாற்றம் அதுவாகும்.

புதுநீர்

சென்ற கோடையில் எங்கள் ஊர் ஏரி வற்றியபோது, வலை வீசியவர்களிடமிருந்து பத்து அயிரைகளும் எட்டுப் பொடிக் கெண்டைகளும் உயிருடன் வாங்கி என் தொட்டியில் விட்டேன். அவற்றைப் பார்த்த எங்கள் ஆயா, "புதுத்தண்ணி ஊத்திப் பாரு, ஏறும்" என்றார். ஆயா பள்ளிக்கூடத்தை அறியாதவர். ஐப்பசி முதல் வெள்ளத்தில் ஓடையை எதிர்த்து ஏறும் மீனைக் கூடை வைத்துப் பிடித்து வளர்ந்தவர்.

மழை பெய்த ஓர் இரவில் மொட்டைமாடியில் பிடித்த மழைநீரைத் தொட்டியின் ஒரு முனையில் மெல்ல ஊற்றினேன். மணலுக்குள் கிடந்த அயிரைகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, நீர் விழும் முனையை நோக்கி எதிர்த்து நீந்தின. கண்ணாடியின் மேல் ஏற முயன்றன. நீரின் வெப்பம் குறைதல், கரைந்த உப்பு குறைதல், ஓட்டம் மிகுதல் ஆகிய மூன்றும் பல இந்திய நன்னீர் மீன்களுக்கு முட்டையிடும் காலத்தை அறிவிக்கும் அடையாளங்கள் என்று பாடநூல் கூறுகிறது. ஆயா அதனை நான்கு சொற்களில் கூறிவிட்டார். நம் பேராசிரியர்களிடம் உள்ள அறிவையும், எழுத்தறியாத நம் முன்னோரிடம் உள்ள அறிவையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே என்று அன்று எனக்குத் தோன்றியது.

செய்யத் தகாதவை

வாழிடத் தொட்டியின் மேல் கொண்ட ஆசை வாழிடத்தையே அழித்துவிடக் கூடாது. சென்னை ராணுவ மருத்துவராக இருந்து, 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலை வெளியிட்ட பிரான்சிஸ் டே, 1865-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் அழகிய கெண்டை ஒன்றுக்குச் சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். 'மிஸ் கேரளா' என்று கடைகளில் விலை போன மீன் அதுதான். உலகச் சந்தைக்காக ஆறுகளிலிருந்து அளவின்றிப் பிடிக்கப்பட்டு, அழியும் ஆபத்துக்கு உள்ளானது. கேரள அரசு 2008-இல் அதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அது இடம்பெற்றது. அழகு ஒரு மீனுக்குப் பகையாக முடிந்த கதை இது. காப்புக்காட்டு ஓடைகளில் மீனோ கல்லோ நாம் எடுக்கக் கூடாது.

மறுபுறம், வளர்த்துச் சலித்த மீனை ஏரியில் விடுவதும் பெருந்தீங்கு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சு கெளுத்தி, இவ்வாறு விடப்பட்டுத் தமிழகத்து ஏரிகள் பலவற்றில் பெருகிவிட்டது. தடித்த எலும்புக் கவசம் உடையதாதலால் அதனை வேறு மீன் எளிதில் தின்னாது, மக்களும் வாங்கமாட்டார்கள், வலைகளைக் கிழித்துவிடும். சலித்த மீனைக் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுத்துவிடுவதே முறை.

ஒரு கேள்வி

இனி, முதலில் கூறிய கேள்விக்கு வருவோம். பாலாற்றைத் தொட்டிக்குள் அமைப்பதாகச் சொல்கிறோம். எந்தப் பாலாற்றை?

எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஆய்வகக் கருவியில் அளந்தேன். குடிநீருக்குக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரக்குறிப்பு. எங்கள் கிணற்று நீர் அதனை வெகுவாகத் தாண்டியிருந்தது. அந்த நீரை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இறுதியில் வீட்டுக் குழாயில் வரும் நீரையே ஊற்றினேன். அது எங்கிருந்து வருகிறது? மேட்டூரிலிருந்து, வேலூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களில் வரும் காவிரி நீர் அது. பாலாற்று மீன்களுக்கு நான் கட்டிய வீட்டில் ஓடுவது காவிரி.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. மேல்பகுதியில் தேக்கங்களும் தடுப்பணைகளும் பெருகின, மணல் அள்ளப்பட்டது, மழையும் பொய்த்தது. இவற்றோடு தோல் பதனிடும் கழிவுநீரும் சேர்ந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அதைக் கழுவும்போது அவ்வுப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அழுக்கு நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு வெளிநீரில் உள்ளதைவிட மிகுதி. எனவே செவுள்களின் வழியே நீர் இடையறாது உள்ளே புகுகிறது. மீன் அதனைச் சிறுநீராக வெளியேற்றிச் சமன் செய்கிறது. வெளிநீரில் உப்பு ஏறினால் இந்தச் சமநிலை குலையும். முதலில் முட்டைகளும் குஞ்சுகளும் மடியும். பெரிய மீன்கள் சில காலம் தாக்குப்பிடித்துப் பின் மறையும். குரோமியம் சேர்ந்தால் அது செவுள்களையும் கெடுக்கும்.

1996 ஆகஸ்ட் 28-இல், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெறக் காரணமான தீர்ப்புகளுள் அது முதன்மையானது. இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் நம் ஆற்றின் பெயரைப் படிப்பது அதன் வழியாகத்தான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்புரைத்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் ஆணையிட்டது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்.

தோல் தொழிலைப் பழித்துப் பேசுவது எனக்கு எளிதன்று. இத்தொழிலின் கூலியால் உண்டு வளர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்குக் கட்டணம் கட்டியதும் அக்கூலியே. தொழில் வாழ வேண்டும். ஆறும் வாழ வேண்டும். உப்பின்றிக் குளிரூட்டித் தோலைக் காக்கும் முறையும், சவ்வூடு வடிகட்டிக் கழிவு நீரை மீண்டும் பயன்படுத்தும் முறையும் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே வாழ வைக்கும் வழிகளைக் கண்டறிய வேண்டிய வேதியியலும் விலங்கியலும் பயில்வோர் நாமே.

நாம் செய்யக்கூடியது

தொட்டி ஆறாகிவிடாது. ஆனால், ஆறு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொட்டி கற்றுத்தருகிறது. கால் பங்கு நீரை ஒரு வாரம் மாற்றாவிட்டால் 38 லிட்டரில் என்ன நேரும் என்பதை அறிந்தவனுக்கு, ஆண்டுக் கணக்கில் வெள்ளம் வராத ஆற்றில் என்ன நேரும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்கு வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, நாட்டறம்பள்ளி, ஏலகிரி, ஜவ்வாது மலை என எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறோம். அவரவர் ஊர் ஏரியில், ஓடையில் இன்று என்னென்ன மீன்கள் உள்ளன, முன்பு என்னென்ன இருந்தன, ஊரார் அவற்றை எப்பெயரால் அழைத்தனர் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவோம். விலங்கியல் துறையில் அதற்கென ஒரு பதிவேடும், நம் ஊர் மீன்களுக்கென ஒரு தொட்டியும் இருக்கட்டும். பேராசிரியர்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். முதல் பக்கத்துக்கு எங்கள் ஆயா பதினொரு மீன்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார். அவற்றுள் நான்கை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.